கல்லூரி டாக்கிளை எப்படி எடைபோடுவது? 2020 டிராஃப்டை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அளவில் நன்றாக ஆடும் ஓர் ஆஃபென்சிவ் டாக்கிள் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் நிலைப்பாரா மாட்டாரா என்று எதை வைத்துக் கணிக்கிறார்கள்? கேட்டவர் ஓர் உதாரணமும் தந்திருக்கிறார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2020-இல் நான்காவது டாக்கிளாகத்தான் டிரிஸ்டன் வெர்ஃப்ஸை எடுத்தார்கள். ஆனால் அந்த நால்வரில் மிகச் சிறந்தவர் அவர்தான் என்று ஆகிவிட்டது. இது அதிர்ஷ்டமா, முன்பே கண்டுபிடித்திருக்கக்கூடியதா?

கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வேண்டும். ஆனால் வெர்ஃப்ஸ் விஷயத்தில் பார்க்கவேண்டியதெல்லாம் ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஆட்டப் பதிவுகளில் இருந்தது. என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விளக்குகிறேன்: ஒரு டாக்கிள் ஜெயித்த மோதல்களைவிட அவர் தோற்ற மோதல்களைத்தான் உட்கார்ந்து பார்க்கவேண்டும். எதனால் தோற்றார், தோற்றுக்கொண்டிருக்கும்போது என்ன செய்தார், அந்தத் தோல்வி சொல்லிக்கொடுத்தால் சரியாகக்கூடியதா? அளவு நாடாவும் ஸ்டாப்வாட்சும் இந்த மூன்று கேள்விகளுக்கும் துணை ஆதாரம், அவ்வளவுதான்.

முதலில் இந்த இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்த்துவிடலாம். தாக்குதல் வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் டாக்கிள்கள். எதிரணியில் மிக வேகமானவனும் பலசாலியுமான எட்ஜ் ரஷர் அவர்களைத் தாண்டித்தான் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் போகவேண்டும். அவன் முன்னோக்கி ஓடுகிறான். டாக்கிளோ பின்னோக்கி நகர்ந்துகொண்டே அவனைத் தடுக்கவேண்டும். ஏறக்குறைய இரண்டரை, மூன்று நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓர் ஆட்டத்தில் அறுபது முறை சரியாகச் செய்தாலும் பெயர் வராது, ஒரு முறை கோட்டைவிட்டால் குவார்ட்டர்பேக் ஸ்ட்ரெச்சரில் போகலாம்.

2021 பிப்ரவரியில் நடந்த 55-வது சூப்பர் பௌல் இறுதிப்போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கான்சஸ் சிட்டி அணியின் இரண்டு முதல்நிலை டாக்கிள்களுமே அன்று இல்லை. எரிக் ஃபிஷருக்குக் குதிகால் தசைநார் அறுந்திருந்தது, மிட்செல் ஷ்வார்ட்ஸுக்கு முதுகுவலி. பேட்ரிக் மஹோம்ஸ் அன்று முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். உலகின் தலைசிறந்த குவார்ட்டர்பேக் இருந்தும் அந்த அணி ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. 31-9 என்று தோற்றது. எதிர்ப்பக்கத்தில் டாம் பிரேடியின் வலது ஓரத்தைக் காத்துக்கொண்டிருந்தவர் டாம்பா பேயின் 22 வயது புதுமுகம், நம் கேள்வியில் வரும் அதே வெர்ஃப்ஸ்.

சரி, 2020-க்கு வருவோம். ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ தாமஸை நான்காவது தேர்வாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது. அலபாமாவின் ஜெட்ரிக் வில்ஸ் பத்தாவதாக கிளீவ்லாந்துக்குப் போனார். லூயிவில்லின் மெக்கை பெக்டன் பதினொன்றாவதாக நியூயார்க் ஜெட்ஸுக்கு. பதின்மூன்றாவதாகத்தான் வெர்ஃப்ஸ். ஒரே ஓர் இடம் முன்னே வருவதற்காக டாம்பா பே சான்ஃபிரான்சிஸ்கோவுக்குத் தன் நான்காம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. அந்தப் பேரத்தை இன்று நினைத்தால் இலவசம் என்றே தோன்றுகிறது.

அளவுகளில் நால்வருமே ஆளுக்கொரு விதத்தில் அசத்தியவர்கள். தாமஸின் கைகள் 36 அங்குலத்துக்கும் மேல். பெக்டன் 364 பவுண்டு, அதாவது 165 கிலோ. அந்த உடம்போடு 40 கெஜத்தை 5.10 நொடியில் ஓடினார். 320 பவுண்டு வெர்ஃப்ஸ் அதே தூரத்தை 4.85 நொடியில் ஓடி, நின்ற இடத்திலிருந்து 36.5 அங்குல உயரம் குதித்தார். ஆனால் வெர்ஃப்ஸின் கை நீளம் 34 அங்குலம்தான். டாக்கிளுக்கு அது போதும், பெருமைப்பட ஒன்றுமில்லை. 'இவர் டாக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் கார்டாக ஆடினால்தான் நன்றாக வருவார்' என்று அன்று பலர் சொல்லக் காரணங்களில் அதுவும் ஒன்று.

கை நீளத்துக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்றால், முதலில் யார் கை யார் நெஞ்சில் படுகிறதோ அவர்தான் அந்த மோதலை நடத்துகிறார். ஓர் அங்குலம் கூடுதல் என்றால் கொஞ்சம் நேரமும் கூடுதல். நியாயமான அளவுகோல்தான். ஆனால் அதை வாசல் காவலாளி ஆக்கிவிடக் கூடாது. ஜோ தாமஸ் என்று ஒருவர் கிளீவ்லாந்தில் ஆடினார். கை ஏறக்குறைய 32.5 அங்குலம். இன்றைய அளவுகோலில் 'டாக்கிளுக்குக் குட்டை' என்று ஒதுக்கியிருப்பார்கள். 2007-இல் மூன்றாவது தேர்வாக வந்தவர், 10,363 ஸ்னாப்கள் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து ஆடி, 2023-இல் புகழ்மன்றத்துக்கே போனார். அவருடைய பாதங்கள் எப்போதும் சரியான இடத்தில் இருந்தன. எதிராளி வந்து சேரும் இடத்துக்கு முன்பே போய் நிற்பவருக்குக் கை எட்டாத பிரச்சினை வருவதே குறைவு.

மறுபக்கம் ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர். ஓக்லஹோமாவில் அருமையாக ஆடியவர். டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடற்திறன் சோதனையான கம்பைனில், 2018-இல், 40 கெஜத்தை 5.85 நொடியில் ஓடினார், 19.5 அங்குலம் குதித்தார், பெஞ்ச் பிரஸ் 14 முறை. மிக மோசமான எண்கள். முதல் சுற்றுக்காரர் என்று பேசப்பட்டவர் மூன்றாம் சுற்றில் 83-ஆவதாக பால்டிமோருக்குப் போனார். அப்புறம் புரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்கே தேர்வானார். 2023 பிப்ரவரியில், அந்தப் பருவத்தில் 70 சாக் (எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்திருந்த பிலடெல்பியாவுக்கு எதிராக கான்சஸ் சிட்டியின் இடது டாக்கிளாக நின்றார். அன்று மஹோம்ஸ் ஒரு தடவைகூட சாக் ஆகவில்லை. பிரவுனுக்கு 35 அங்குலக் கை, மலைபோல உடம்பு. அவரைச் சுற்றிக்கொண்டு போவதே நீண்ட பயணம். 40 கெஜ ஓட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு டாக்கிள் தன் வாழ்நாளில் 40 கெஜம் நேராக ஓடவேண்டிய தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் 10 கெஜத்துக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைப் பாருங்கள், அதில் கொஞ்சம் சேதி இருக்கிறது.

இனி ஆட்டப் பதிவு. ஒரு டாக்கிள் தோற்கும் விதங்களை நான் இரண்டு கூடைகளாகப் பிரிப்பேன். முதல் கூடை, சொல்லிக்கொடுக்கக்கூடியது. கையை முன்கூட்டியே வீசுவது, கைகளை எதிராளியின் தோளுக்கு வெளியே வைத்துப் பிடிப்பது, ஓரத்துக்கு அதிகமாகப் போய் உள்பக்கம் வாசலைத் திறந்துவிடுவது, இரண்டு எதிராளிகள் இடம் மாறி வரும் ஸ்டண்டைப் பார்க்கத் தவறுவது. இவை பழக்கக் குறைகள். நல்ல ஆசான் ஒன்றிரண்டு ஆண்டுகளில் சரிசெய்துவிடுவார். இரண்டாவது கூடை, உடம்பில் இல்லாதது. பின்னோக்கி நகரும்போது கால் இரண்டும் பின்னிக்கொள்வது, கணுக்காலும் இடுப்பும் மடங்காமல் விறைத்திருப்பது, ஒருமுறை நிலைகுலைந்தால் மீண்டு வரமுடியாமல் போவது. இந்தக் கூடையில் ஒருவரின் தோல்விகள் நிறைய இருந்தால், கல்லூரியில் அவர் எத்தனை விருது வாங்கியிருந்தாலும் நான் முதல் சுற்றில் தொடமாட்டேன்.

இடுப்பு மடிவதைப் பற்றி ஒரு வார்த்தை. புல் ரஷ் என்று நேராக நெஞ்சில் மோதித் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்போது நல்ல டாக்கிள் முழங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி உட்காருவார். மோசமானவர் இடுப்பிலிருந்து முன்னே வளைவார். நெல் மூட்டை தூக்கிப் பழகியவரும் பழகாதவரும் குனிகிற விதத்தில் இருக்கிற வித்தியாசம்தான் இது. இடுப்பிலிருந்து வளைகிறவரைக் கையைத் தட்டிவிட்டால் போதும், குப்புற விழுவார். கல்லூரியில் 240 பவுண்டு பையனிடம் இது வெளியே தெரியாது. தொழில்முறை ஆட்டத்தில் முதல் மாதமே எல்லா அணிகளுக்கும் தெரிந்துவிடும்.

தோல்வியைப் பார்க்கும்போதே அவரை என்ன செய்யச் சொன்னார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். இன்றைய கல்லூரி ஆட்டத்தில் நிறையத் தடவை பந்து மிகச் சீக்கிரமே குவார்ட்டர்பேக்கின் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஓட்டமா எறிதலா என்று கடைசி நொடியில் முடிவுசெய்யும் ஆர்.பி.ஓ. ஆட்டங்களில் டாக்கிள் முன்னோக்கிப் பாய்ந்து ஓட்டத்துக்குத் தடுப்பதுபோலவே ஆடலாம். வரிசைக்காரர்கள் கோட்டுக்கு அப்பால் 3 கெஜம் வரை போகக் கல்லூரி விதி அனுமதிக்கிறது; என்.எஃப்.எல்.லில் 1 கெஜம்தான். ஆகவே ஒரு பையன் மூன்று ஆண்டு ஆடியும், குவார்ட்டர்பேக் நிதானமாகப் பின்வாங்கி எறிய, அவன் தனியாக ஓர் எட்ஜ் ரஷரை எதிர்கொண்ட தருணங்கள் மிகச் சிலவாகவே இருக்கலாம். அந்தச் சிலவற்றைத் தேடிப் பிடித்துப் பார்க்கவேண்டும். மற்றவற்றை வைத்து 'சாக்கே கொடுக்கவில்லை' என்று சொல்வதில் பொருளில்லை.

ஆபர்னின் கிரெக் ராபின்சன் இதற்குச் சரியான பாடம். 332 பவுண்டு, 4.92 நொடி. ஓட்ட ஆட்டத்தில் ஆட்களை மைதானத்தைவிட்டே தள்ளிக்கொண்டு போவார், பார்க்கவே பிரமிப்பாக இருக்கும். ஆனால் அன்றைய ஆபர்ன் அணி ஓடி ஓடியே ஜெயித்த அணி. எறிதலுக்கு நின்று காக்கும் வேலை அவருக்கு அரிதாகவே வந்தது. 2014-இல் இரண்டாவது தேர்வாக ராம்ஸ் எடுத்தது. அந்த வேலை கடைசிவரை கைகூடவில்லை, 2017-இல் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே டிராஃப்டில் அதே ராம்ஸ் பதின்மூன்றாவதாக எடுத்தவர் பின்னாளில் தற்காப்பு வரிசையின் பெரும் நட்சத்திரமான ஆரன் டோனால்ட்.

அதற்காக, நிறைய எறிதல் ஆட்டம் ஆடியிருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்ட்ரே டிலார்ட், பயிற்சியாளர் மைக் லீச்சின் வாஷிங்டன் ஸ்டேட் அணியிலிருந்து வந்தவர். அன்று அந்த அணி எறிவதைத் தவிர வேறெதையும் பெரிதாகச் செய்ததில்லை. டிலார்டின் கால் நகர்வு அழகு. ஆனால் நெஞ்சில் மோதினால் நிற்கும் வலு போதவில்லை. அது இரண்டாவது கூடையோடு ஒட்டிய குறை. 2019-இல் 22-ஆவது தேர்வாக பிலடெல்பியா எடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து இடது டாக்கிள் இடத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டவர் ஜோர்டன் மைலாட்டா, ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். 2018-இல் ஏழாம் சுற்றில் அவரை எடுத்தபோது அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. சொல்லிக்கொடுக்க முடியாத எல்லாம் அவரிடம் இருந்தன. மற்றதை ஜெஃப் ஸ்டவுட்லண்ட் என்ற பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார்.

இப்போது வெர்ஃப்ஸுக்கு வருகிறேன். ஐயோவா வேறு வகை அணி. வெர்ஃப்ஸ் ஆடியபோது அதன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கிர்க் ஃபெரன்ஸ் அடிப்படையில் தாக்குதல் வரிசைப் பயிற்சியாளர். பழைய பாணியில், குவார்ட்டர்பேக் வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்குப் பின்னால் நின்று பந்தை வாங்கி, பின்வாங்கி எறியும் ஆட்டம் அங்கே நிறைய உண்டு. ஆகவே ஒரு ஐயோவா டாக்கிளின் பதிவில் தொழில்முறை ஆட்டத்தை ஒத்த நிமிடங்கள் அதிகம் கிடைக்கும். முதலாண்டு மாணவராகவே டாக்கிள் இடத்தில் தொடங்கியவர் வெர்ஃப்ஸ். ஃபெரன்ஸின் நீண்ட காலத்தில் அப்படித் தொடங்கிய முதல் ஆள் அவர். பெரும்பாலும் வலப்பக்கம் ஆடினார். 2019-இல் இடது டாக்கிள் காயப்பட்டபோது சில ஆட்டங்கள் அந்தப் பக்கமும் நின்றார்.

அவர் தோற்ற மோதல்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வரும். எடை முன்காலுக்குப் போய்விடும், தலை முன்னே சாயும், வேகக்காரனைப் பிடிக்க ஓரத்துக்கு அவசரமாகப் போய் உள்பக்கம் காலியாகும். குறைகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாமே முதல் கூடை. அதைவிட முக்கியமானது அடுத்த அரை நொடியில் நடப்பது. ஏமாந்துவிட்டார் என்று நாம் நினைக்கும் நேரத்தில் இடுப்பைத் திருப்பி, ஒரு காலை ஊன்றி, எதிராளியின் இடுப்பைப் பிடித்து, குவார்ட்டர்பேக்கைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கு வெளியே தள்ளிவிடுவார். 320 பவுண்டு மனிதன் அப்படித் திசைமாற முடியாது. அவரால் முடிந்தது. கம்பைனில் அந்த 36.5 அங்குலக் குதிப்பு வந்தபோது, பதிவில் பார்த்த விஷயத்துக்கு எண் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளவேண்டும். அளவுகள் இப்படித்தான் பயன்படவேண்டும்: கண்ணால் பார்த்ததை உறுதி செய்யவோ, கேள்வி கேட்கவோ.

பள்ளியில் அவர் மல்யுத்த மாநிலச் சாம்பியன், குண்டெறிதல், வட்டெறிதலிலும் பதக்கக்காரர். மல்யுத்தம் ஆடியவர்களை வரிசைப் பயிற்சியாளர்கள் விரும்புவதில் காரணம் இருக்கிறது. இன்னொரு உடம்பின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கை வழியாக உணரும் பழக்கம் அதில்தான் வருகிறது.

2021-இல் வலது டாக்கிளாக, பருவத்தின் சிறந்தவர்களைக் கொண்ட கௌரவப் பட்டியலான ஆல்-புரோவில் முதல் அணி. 2023-இல் இடப்பக்கம் மாற்றினார்கள். பக்கம் மாறுவது பார்ப்பவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். உண்மையில் முன்வைத்த கால் பின்கால் ஆகிறது, முதலில் வீசும் கை மாறுகிறது, இத்தனை ஆண்டு உடம்பு கற்றதைத் தலைகீழாக மறுபடி கற்கவேண்டும். 2024-இல் இடது டாக்கிளாகவும் ஆல்-புரோ முதல் அணிக்கு வந்துவிட்டார். இந்த ஒன்றை மட்டும் ஆகப்பெரிய சாதனை என்பேன்.

இதோடு வில்ஸை வைத்துப் பாருங்கள். அலபாமாவின் குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவா இடதுகைக்காரர். ஆகவே அவருக்குக் கண் தெரியாத பக்கம் வலது. வில்ஸ் அங்கே நன்றாகக் காத்தார். 'கண் தெரியாத பக்கத்தைக் காத்தவர், ஆகவே இடது டாக்கிள்' என்ற தர்க்கத்தில் கிளீவ்லாந்து அவரை இடப்பக்கம் நிறுத்தியது. பொறுப்பு ஒன்றுதான், கால்வேலை ஒன்றில்லை. சில காலம் பரவாயில்லாமல் ஆடினார், அப்புறம் முழங்கால் காயம், 2024-க்குப் பிறகு அந்த அணியில் இல்லை. எல்லாம் பக்கம் மாற்றியதால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கம் மாறமுடியுமா என்பதை மாறிப் பார்த்த பதிவு இல்லாமல் ஊகிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். வெர்ஃப்ஸிடம் கொஞ்சமாவது அந்தப் பதிவு இருந்தது.

பெக்டனின் கதை வருத்தம் தருவது. அவர் ஆட்களைத் தள்ளும் காட்சிகள் அந்த ஆண்டின் மிகப் பரபரப்பான பதிவுகள். ஆனால் 165 கிலோவை ஒரு முழங்கால் எத்தனை காலம் தாங்கும்? 2021-இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது, 2022 முழுப் பருவமும் போனது. மருத்துவப் பரிசோதனையும் உடல் எடை வரலாறும் ஆட்டப் பதிவுக்குச் சமமான ஆவணங்கள் என்று நான் நம்புவது இதனால்தான். 2024-இல் அவர் பிலடெல்பியாவுக்குப் போய், அதே ஸ்டவுட்லண்டிடம் வலது கார்டாக மாறி, அந்தப் பருவத்திலேயே சூப்பர் பௌல் ஜெயித்தார். மனதார மகிழ்ந்தேன்.

ஆண்ட்ரூ தாமஸைத் தேர்ந்தெடுத்ததற்காக ஜயன்ட்ஸைக் கேலி செய்தவர்கள் முதலாண்டில் ஏராளம். உண்மையிலேயே தடுமாறினார். அந்தப் பருவத்தின் நடுவிலேயே வரிசைப் பயிற்சியாளரை அணி மாற்றியது, கணுக்காலிலும் தொல்லை. ஆனால் தோல்விகள் கைவீச்சிலும் காலடி அளவிலும்தான் இருந்தன. 2022-இல் ஆல்-புரோ இரண்டாம் அணி, 2023-இல் ஐந்தாண்டுக்கு 117.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம். ஒரு புதுமுக டாக்கிளுக்கு முதல் ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதவே கூடாது.

ஜார்ஜியாவில் தாமஸுக்கு எதிர் ஓரத்தில் ஆடிய ஐசையா வில்சனும் அதே டிராஃப்டில் முதல் சுற்றுதான், 29-ஆவதாக டென்னசி. அதே வரிசை, அதே பயிற்சியாளர், பிரமாண்டமான உடம்பு. அந்த அணிக்காக அவர் களத்தில் நின்றது ஒரே ஓர் ஆட்டத்தில் நான்கே நான்கு ஸ்னாப்கள். பிரச்சினையெல்லாம் களத்துக்கு வெளியே. பழைய பயிற்சியாளர்கள், உடற்பயிற்சிக்கூடப் பொறுப்பாளர்கள், கல்வி ஆலோசகர்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரிக்கும் ஸ்கவுட்டின் வேலை இங்கேதான் தேவைப்படுகிறது. வீட்டிலிருந்து பதிவு பார்க்கும் நம்மால் இது முடியாது, அந்த எல்லையை ஒப்புக்கொண்டுதான் கருத்துச் சொல்லவேண்டும்.

நம்மால் முடியாத இன்னொன்று, சாக்குக்கு யார் பொறுப்பு என்று உறுதியாகச் சொல்வது. 2019-இல் மிச்சிகனிடம் 10-3 என்று தோற்ற ஆட்டத்தில் ஐயோவா எட்டு சாக் கொடுத்தது. எட்டையும் டாக்கிள்கள் தலையில் கட்டுவது சுலபம். வரிசை எந்தப் பக்கம் நகரவேண்டும் என்று சொல்லப்பட்டது, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் யாரைத் தடுக்கவேண்டியிருந்தது, குவார்ட்டர்பேக் பந்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்பதெல்லாம் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்.

நீங்களே ஒரு கல்லூரி டாக்கிளைப் பார்க்க விரும்பினால், அவர் எதிர்கொண்டதிலேயே திறமையான எட்ஜ் ரஷர் இருக்கும் ஆட்டத்தை எடுங்கள். முதல் தடவை பந்தைப் பார்க்காமல் அவருடைய பாதங்களை மட்டும் பாருங்கள். மூன்றாவது டவுனில் (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஏழெட்டு கெஜத்துக்கு மேல் வேண்டியிருக்கும் தருணங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். எறியத்தான் போகிறார்கள் என்று மைதானத்துக்கே தெரிந்த நேரம் அது. அப்புறம் நான்காம் கால்பகுதி. களைத்த பிறகு முழங்கால் மடிகிறதா, இடுப்பு வளைகிறதா என்று பாருங்கள். முதல் பாதியில் ஒரு நகர்வில் ஏமாந்தவர், அதே நகர்வு இரண்டாம் பாதியில் வரும்போது என்ன செய்கிறார் என்பதைத் தனியாகக் குறியுங்கள். மறுபடியும் அதே இடத்தில் ஏமாந்தால் அந்த ஆட்டத்துக்கு அடுத்த மாத ஆட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே என்றால் அவரை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளிவிடலாம்.